ஒரு சனிக்கிழமை மேட்சுக்கு ஒரு வாரத் தயாரிப்பு: மிச்சிகன் - ஓஹாயோ ஸ்டேட் மோதலுக்கு முன் என்னதான் நடக்கும்?

ஹெட் கோச் வாரம் முழுக்க பயிற்சி கொடுக்கலாம். ஆனா, மேட்ச் நாளில் ஸ்டேடியத்துக்குள் கால் வைக்கக் கூடாது. 2023 நவம்பரில் அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழக ஃபுட்பால் அணி இப்படி ஒரு நிலையில்தான் இருந்தது. எதிரில் நிற்பது அந்த அணியின் நூறாண்டுப் பகையாளி ஓஹாயோ ஸ்டேட். இரண்டு அணிகளும் அந்த சீசனில் அதுவரை ஒரு மேட்ச்கூட தோற்கவில்லை.

எதிரணியின் சைகைகளைத் திருடியதாக மிச்சிகன் மீது புகார் வேறு. ஜெயித்தால் மட்டும் போதாது, திருடாமலும் ஜெயிக்க முடியும் என்று காட்ட வேண்டிய கட்டாயம். அந்த வாரம் எப்படிப் போனது? பொதுவாக ஒரு காலேஜ் அணி இப்படிப்பட்ட மேட்சுக்கு எப்படித் தயாராகிறது? எதிரணியைப் பற்றித் தெரிந்துகொள்வதில் எது நியாயம், எது தப்பு? விரிவாகப் பார்க்கலாம்.

அப்படி என்ன விசேஷம் இந்த மேட்சில்?

மிச்சிகனும் ஓஹாயோவும் பக்கத்துப் பக்கத்து மாநிலங்கள். இரண்டு பல்கலைக்கழகங்களும் முதன்முதலில் மோதியது 1897இல். 1918 முதல் வருடம் தவறாமல் மோதுகின்றன. கொரோனாவால் ரத்தான 2020 மட்டும்தான் விதிவிலக்கு. அமெரிக்காவில் இந்த மேட்சுக்குப் பெயரே 'தி கேம்'. அதாவது, 'மேட்ச்னா இதுதான் மேட்ச்' என்ற அர்த்தத்தில்.

நவம்பர் நான்காவது வியாழன், அமெரிக்காவில் தேங்ஸ்கிவிங் பண்டிகை. அதற்கு அடுத்து வரும் சனிக்கிழமை இந்த மோதல். ஒரு வருடம் மிச்சிகனின் ஆன் ஆர்பர் நகரில், மறு வருடம் ஓஹாயோவின் கொலம்பஸ் நகரில். ஆன் ஆர்பர் ஸ்டேடியத்தில் 1,07,601 பேர் உட்காரலாம். அமெரிக்காவிலேயே பெரிய ஸ்டேடியம் அதுதான். ஒரு காலேஜ் மேட்சுக்கு இவ்வளவு கூட்டமா என்று கேட்டால், ஆமாம், நிரம்பி வழியும்.

பகை எந்த அளவுக்கு என்றால், ஓஹாயோ ஸ்டேட்காரர்கள் 'மிச்சிகன்' என்ற பெயரையே சொல்ல மாட்டார்கள். 'வடக்கே இருக்கிற அந்த டீம்' என்றுதான் சொல்வார்கள். மேட்ச் வாரத்தில் அவர்கள் வளாகத்துப் பெயர்ப்பலகைகளில் 'எம்' எழுத்து வரும் இடமெல்லாம் சிவப்பு டேப்பால் குறுக்கே அடித்திருப்பார்கள். மிச்சிகனைத் தோற்கடித்தால் ஒவ்வொரு வீரருக்கும் தங்க நிறத்தில் ஒரு குட்டி பேன்ட் டாலர் பரிசு. 1934இல் ஆரம்பித்த வழக்கம் இது.

முதலில், இந்த விளையாட்டு எப்படி?

நாம் ஃபுட்பால் என்று சொல்வது வேறு. இது ஹெல்மெட் போட்டு, நீள்வட்டப் பந்தைக் கையில் தூக்கிக்கொண்டு ஓடும் அமெரிக்கன் ஃபுட்பால். ஒரு பக்கம் 11 பேர். மைதானம் 100 யார்டு. பந்து வைத்திருக்கும் அணிக்கு நான்கு வாய்ப்பு. அதற்குள் 10 யார்டு முன்னேறிவிட்டால் மறுபடியும் நான்கு வாய்ப்பு. முன்னேறாவிட்டால் பந்து எதிரணிக்குப் போய்விடும்.

எதிரணியின் எல்லைக் கோட்டைத் தாண்டிப் பந்தைக் கொண்டுபோனால் டச் டவுன், 6 பாயிண்ட். கூடவே ஒரு போனஸ் உதைக்கு 1 பாயிண்ட். தூரத்திலிருந்து உதைத்துக் கம்பங்களுக்கு நடுவே அனுப்பினால் ஃபீல்ட் கோல், 3 பாயிண்ட்.

இங்கே கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. ஒவ்வொரு முயற்சிக்குப் பிறகும் ஆட்டம் நிற்கும். அடுத்து ஓடுவதா, பந்தை வீசுவதா, யார் எந்தப் பக்கம் போவது என்று கோச் ஒரு பிளான் சொல்ல வேண்டும். அதிகபட்சம் 40 விநாடிக்குள் அடுத்த ஆட்டம் ஆரம்பித்தாக வேண்டும். ஒரு மேட்சில் ஒரு அணி இப்படி 60, 70 பிளான்களை ஆடும்.

எதிராளி அடுத்து என்ன செய்யப் போகிறான் என்று முன்கூட்டியே தெரிந்தால் பாதி ஜெயித்த மாதிரி. தயாரிப்பு, சர்ச்சை, தண்டனை எல்லாமே இந்த ஒரு வரியைச் சுற்றித்தான் ஓடுகிறது.

2023இல் தோற்றால் என்ன ஆகும்?

இரண்டு அணிகளும் 'பிக் டென்' என்ற கான்ஃபரன்ஸில் இருக்கின்றன. கான்ஃபரன்ஸ் என்பது பல்கலைக்கழகங்கள் சேர்ந்து நடத்தும் லீக் மாதிரி. 1896இல் தொடங்கிய பிக் டென்னில் 2023இல் 14 அணிகள். கிழக்கு, மேற்கு என இரண்டு பிரிவு. மிச்சிகன், ஓஹாயோ ஸ்டேட் இரண்டுமே கிழக்குப் பிரிவு.

நவம்பர் 25ஆம் தேதி மேட்சுக்கு முன் இரண்டு அணிகளும் தலா 11 வெற்றி, தோல்வி பூஜ்யம். பிளேஆஃப் கமிட்டியின் தரவரிசையில் ஓஹாயோ ஸ்டேட் 2ஆம் இடம், மிச்சிகன் 3ஆம் இடம். ஜெயிக்கும் அணி கான்ஃபரன்ஸ் இறுதிப் போட்டிக்குப் போகும்.

தேசிய சாம்பியனைத் தீர்மானிக்கும் பிளேஆஃபில் அப்போது நான்கே நான்கு அணிகளுக்குத்தான் இடம். தோற்றால் அந்தக் கதவு கிட்டத்தட்ட மூடிவிடும். 11 வாரம் உழைத்தது எல்லாம் ஒரு மதியத்தில் கரைந்துவிடலாம்.

ஒரு வாரம் எப்படிப் போகும்?

ஒவ்வொரு அணிக்கும் சின்னச் சின்ன வித்தியாசம் உண்டு. ஆனாலும், பெரும்பாலான காலேஜ் அணிகளின் வாரம் ஏறக்குறைய இப்படித்தான் இருக்கும்.

ஞாயிறு: முந்தைய நாள் மேட்சின் வீடியோவை உட்கார்ந்து பார்ப்பார்கள். யார் எங்கே கோட்டை விட்டார் என்று அலசல். அடிபட்டவர்களுக்குச் சிகிச்சை. கோச்கள் அன்றே அடுத்த எதிரணியின் வீடியோவைத் திறந்துவிடுவார்கள்.

திங்கள்: பல அணிகளில் வீரர்களுக்கு விடுமுறை நாள். கோச்களுக்குக் கிடையாது. எதிரணி எந்த நிலையில் ஓடும், எந்த நிலையில் வீசும் என்று ஒவ்வொரு ஆட்டமாகப் பிரித்துக் கணக்கெடுப்பார்கள்.

செவ்வாய், புதன்: வாரத்தின் கடினமான பயிற்சி நாட்கள். முழுக் கவசத்தோடு மோதல். மூன்றாவது வாய்ப்பில் என்ன ஆடுவது, எல்லைக் கோட்டுக்குப் பக்கத்தில் போனால் என்ன ஆடுவது என்று தனித்தனியாக ஒத்திகை.

வியாழன்: வேகம் குறையும். மனப்பாடம் சரியாக இருக்கிறதா என்று சரிபார்ப்பு. இந்த மேட்ச் வாரத்தில் அன்றுதான் தேங்ஸ்கிவிங் விருந்தும்.

வெள்ளி: ஓட்டமே இல்லாமல், நடந்தபடியே ஒவ்வொரு ஆட்டத்தையும் ஒருமுறை செய்து பார்ப்பார்கள்.

இதில் வெளியே தெரியாத ஹீரோக்கள் உண்டு. அவர்களுக்கு 'ஸ்கவுட் டீம்' என்று பெயர். மேட்சில் இறங்க வாய்ப்பே கிடைக்காத மாற்று வீரர்கள், வாரம் முழுக்க எதிரணி மாதிரியே ஆடிக் காட்டுவார்கள். எதிரணியின் நட்சத்திர வீரர் எப்படி ஓடுவாரோ, அதே மாதிரி ஒருவர் ஓட வேண்டும். சனிக்கிழமை டிவியில் அவர் முகம் தெரியாது. ஆனா, அவர் சரியாக நடிக்கவில்லை என்றால் முதல் வரிசை வீரருக்குத் தயாரிப்பே இல்லை.

வெளியூர் போகும் அணிக்கு இன்னொரு வேலையும் இருக்கிறது. லட்சம் பேர் கத்தும்போது பக்கத்தில் நிற்பவர் பேசுவதுகூடக் கேட்காது. அதனால் பயிற்சியில் பெரிய ஸ்பீக்கர் வைத்து இரைச்சலை அலறவிட்டுப் பழகுவார்கள். வாய் பேசாமல் சைகையிலேயே ஆட்டத்தைத் தொடங்கும் முறையை ஒத்திகை பார்ப்பார்கள்.

படிப்பு என்ன ஆகும்? மணிக் கணக்கு உண்டா?

உண்டு. இவர்கள் மாணவர்கள். காலேஜ் விளையாட்டை நிர்வகிக்கும் என்சிஏஏ அமைப்பின் விதிப்படி, சீசன் நடக்கும்போது வாரத்துக்கு 20 மணி நேரம், ஒரு நாளைக்கு 4 மணி நேரம். அதற்கு மேல் கட்டாயப் பயிற்சி கூடாது. வாரத்தில் ஒரு நாள் முழு விடுமுறை தர வேண்டும். வீடியோ பார்க்கும் கூட்டங்களும் இந்த 20 மணி நேரத்தில் சேர்த்தி.

மேட்ச் நாள் எவ்வளவு நீண்டாலும் 3 மணி நேரமாகத்தான் கணக்கு. ஒரு வீரர் தானாக விருப்பப்பட்டு உட்கார்ந்து வீடியோ பார்த்தால் அது கணக்கில் வராது. பெரிய மேட்ச் வாரத்தில் 'விருப்பப்பட்டு' வராமல் யார் இருப்பார் என்பது வேறு விஷயம்.

ஒரு வாரம் போதுமா?

போதாது என்பதை மிச்சிகன் வலியோடு கற்றுக்கொண்டது. 2012 முதல் 2019 வரை தொடர்ந்து எட்டு முறை ஓஹாயோ ஸ்டேட்டிடம் தோல்வி. 2018இல் 62-39. 2019இல் 56-27. கோச் ஜிம் ஹார்பா வேலையில் நீடிப்பாரா என்றே பேச்சு வந்தது.

அதன் பிறகு அணியின் அன்றாடப் பயிற்சியிலேயே 'ஓஹாயோவை அடி' என்று பெயர் வைத்து ஒரு பகுதியைச் சேர்த்தார்கள். ஒரு பக்கம் 9 பேர், மறுபக்கம் 7 பேர். பந்தை வீசவே கூடாது, நடுவில் இடித்துக்கொண்டு ஓட வேண்டும். ஓடப் போகிறோம் என்று எதிரில் நிற்பவருக்கும் தெரியும். தெரிந்தும் தடுக்க முடியாத அளவுக்குப் பலம் வேண்டும் என்பதுதான் பாடம். பலன் கிடைத்தது. 2021இல் 42-27, 2022இல் 45-23 என மிச்சிகன் ஜெயித்தது.

அப்போதுதான் அந்தப் புகார் வந்தது.

சைகைத் திருட்டு என்றால் என்ன?

கோச் மைதான ஓரத்தில் நிற்கிறார், வீரர்கள் நடுவில். 2023 வரை காலேஜ் ஃபுட்பாலில் ஹெல்மெட்டுக்குள் ரேடியோ கிடையாது. அதனால் கை ஜாடை, படம் போட்ட பெரிய அட்டைகள் மூலம்தான் பிளான் போய்ச் சேரும். மூன்று, நான்கு பேர் ஒரே நேரத்தில் ஜாடை காட்டுவார்கள். அதில் ஒருவர் காட்டுவதுதான் நிஜம், மற்றவை கண்கட்டு.

இந்தச் சைகையை எதிரணி புரிந்துகொள்வது தப்பா? இங்கேதான் பலருக்குக் குழப்பம்.

மேட்ச் நடக்கும்போதே கண்ணால் பார்த்துப் புரிந்துகொண்டால் தப்பில்லை. டிவி ஒளிபரப்பைப் பார்த்துக் கண்டுபிடித்தாலும் தப்பில்லை. அணிகள் தங்களுக்குள் பகிர்ந்துகொள்ளும் மேட்ச் வீடியோவைப் பார்ப்பது எல்லோரும் செய்வது.

ஆனா, பின்னால் மோதப் போகும் அணியின் மேட்சுக்கு ஆள் அனுப்பி நேரில் வேவு பார்ப்பது தப்பு. எதிரணியின் சைகைகளைக் கருவி வைத்துப் பதிவு செய்வதும் தப்பு. நேரில் வேவு பார்க்க 1994 முதல் தடை இருக்கிறது. செலவு முக்கியக் காரணம். பணக்காரப் பல்கலைக்கழகம் ஊர் ஊராக ஆள் அனுப்பும், வசதி இல்லாதது என்ன செய்யும்?

மிச்சிகன் அணியின் ஊழியர் ஒருவர், வருங்கால எதிரணிகளின் மேட்சுகளுக்கு டிக்கெட் வாங்கி ஆள் அனுப்பி, சைகைகளை மொபைலில் பதிவு செய்ய வைத்தார் என்பது புகார். 2023 அக்டோபர் 20 அன்று பல்கலைக்கழகம் அவரை இடைநீக்கம் செய்தது. நவம்பர் தொடக்கத்தில் அவர் ராஜினாமா செய்தார். தனக்கு எதுவும் தெரியாது என்று ஹார்பா மறுத்தார்.

கோச் இல்லாமல் எப்படி?

நவம்பர் 10. மறுநாள் பென் ஸ்டேட் அணியுடன் முக்கியமான மேட்ச். அந்த நேரத்தில் பிக் டென் நிர்வாகம் ஹார்பாவுக்கு மூன்று மேட்ச் தடை விதித்தது. பென் ஸ்டேட், மேரிலேண்ட், கடைசியாக ஓஹாயோ ஸ்டேட்.

தடையின் வடிவம் கொஞ்சம் விநோதம். திங்கள் முதல் வெள்ளி வரை அவர் பயிற்சி கொடுக்கலாம், பிளான் போடலாம். சனிக்கிழமை மட்டும் ஸ்டேடியத்தில் இருக்கக் கூடாது. பல்கலைக்கழகம் கோர்ட்டுக்குப் போனது. பிறகு 16ஆம் தேதி சமரசமாகி வழக்கைக் கைவிட்டது. மறுநாளே உதவி கோச் ஒருவர் நீக்கப்பட்டார். இவ்வளவு களேபரத்துக்கு நடுவே வீரர்கள் பாடத்தையும் பயிற்சியையும் பார்க்க வேண்டியிருந்தது.

மேட்ச் நாளில் பொறுப்பு ஷெரோன் மூர் கைக்கு வந்தது. தாக்குதல் ஆட்டத்துக்கான கோச் அவர்தான். பென் ஸ்டேட்டுக்கு எதிராக ஒரு கட்டத்துக்கு மேல் அவர் பந்தை வீசவே சொல்லவில்லை. தொடர்ந்து 32 ஆட்டங்கள், எல்லாமே ஓட்டம். 24-15 என வெற்றி. மேரிலேண்டை 31-24 என வென்றபோது மிச்சிகனின் மொத்த வெற்றி 1,000 ஆனது. காலேஜ் ஃபுட்பாலில் அந்த எண்ணிக்கையைத் தொட்ட முதல் அணி அதுதான்.

ஹெட் கோச் மைதானத்தில் செய்யும் பெரிய வேலை, நெருக்கடியில் முடிவெடுப்பது. நான்காவது வாய்ப்பில் துணிந்து ஆடுவதா, பாதுகாப்பாக உதைத்துவிடுவதா? டைம் அவுட் எப்போது எடுப்பது? 'இந்த நிலை வந்தால் இதைச் செய்' என்று வாரத்திலேயே பேசி முடித்து வைத்தால்தான் வேறொருவர் அதைத் தயங்காமல் செய்ய முடியும்.

சனிக்கிழமை என்ன நடந்தது?

முதல் கால் பகுதியிலேயே மிச்சிகனின் வில் ஜான்சன் எதிரணி வீசிய பந்தைப் பறித்தார். எல்லைக் கோட்டுக்கு ஒரு யார்டு தூரத்தில் நான்காவது வாய்ப்பு. மூர் உதைக்கச் சொல்லவில்லை, ஆடச் சொன்னார். பிளேக் கோரம் உள்ளே புகுந்து டச் டவுன். இடைவேளையில் மிச்சிகன் 14-10 என முன்னிலை.

மூன்றாவது கால் பகுதியில் 17-17 சமநிலை. அந்த நேரத்தில் மிச்சிகனின் அணித் தலைவர்களில் ஒருவரான ஸாக் ஸின்டருக்குக் கால் எலும்பு முறிந்தது. ஸ்டேடியமே அமைதியானது. அவர் இடத்தை நிரப்ப ஒரு வீரரை இடம் மாற்றி, பெஞ்சிலிருந்து இன்னொருவரைக் கொண்டுவந்தார்கள். ஆட்டம் மறுபடி தொடங்கிய அடுத்த முயற்சியிலேயே கோரம் 22 யார்டு ஓடி டச் டவுன் போட்டார். வாரம் முழுக்க மாற்று வீரர்களையும் சேர்த்துத் தயார் செய்வது எதற்கு என்று கேட்டால், அந்த ஒரு ஓட்டத்தைக் காட்டலாம்.

நான்காவது கால் பகுதியில், வழக்கமாகப் பந்தோடு ஓடும் டோனவன் எட்வர்ட்ஸ் திடீரென நின்று பந்தை வீசினார். 34 யார்டு லாபம். ஓடத்தான் போகிறார் என்று எதிரணி நம்பியதால் வந்த லாபம் அது. எதிரணி வீடியோவில் நம் பழக்கத்தைப் படித்து வைத்திருக்கும் என்று தெரிந்தே, அதற்கு எதிராக வைக்கும் பொறி.

கடைசியில் 30-24. ஓஹாயோ ஸ்டேட் ஜெயிக்கும் தூரத்தை நோக்கி வந்துகொண்டிருந்தது. அரை நிமிடத்துக்கும் குறைவாக இருந்தபோது ராட் மூர் பந்தைப் பறிக்க, கதை முடிந்தது.

மிச்சிகன் அதன் பிறகும் தோற்கவில்லை. கான்ஃபரன்ஸ் பட்டம், அப்புறம் 2024 ஜனவரி 8 அன்று வாஷிங்டனை 34-13 என வென்று தேசிய பட்டம். 15க்கு 15. ஓஹாயோ ஸ்டேட்டுக்கு பிளேஆஃப் இடமே கிடைக்கவில்லை.

அப்போ, கறை போய்விட்டதா?

இல்லை. வேவு பார்த்ததாகச் சொல்லப்பட்ட ஊழியர் வெளியேறிய பிறகும் மிச்சிகன் எல்லா மேட்சையும் வென்றது உண்மை. அந்த அணிக்கு நிஜமான பலம் இருந்தது என்பதற்கு அது சாட்சி. ஆனால் முன்பு நடந்ததை அது நியாயப்படுத்திவிடாது.

2025 ஆகஸ்டில் என்சிஏஏ தீர்ப்பு வந்தது. 2021 முதல் 2023 வரை 50க்கும் அதிகமான முறை நேரடி வேவு நடந்ததாக அது முடிவு செய்தது. பல்கலைக்கழகத்துக்குக் கோடிக்கணக்கான டாலர் அபராதம். ஏற்கெனவே தொழில்முறை லீக்குக்குப் போய்விட்ட ஹார்பாவுக்கும், அந்த ஊழியருக்கும் காலேஜ் விளையாட்டில் பல ஆண்டுகளுக்குக் கடும் கட்டுப்பாடு. ஆனால் வெற்றிகளும் பட்டமும் பறிக்கப்படவில்லை. மிச்சிகன் ரசிகர்களுக்கு அது நிம்மதி. மற்ற அணிகளின் ரசிகர்களுக்கு இன்றுவரை ஆத்திரம்.

விளையாட்டும் மாறியது. 2024 முதல் காலேஜ் ஃபுட்பாலின் உயர் பிரிவில் ஒரு வீரரின் ஹெல்மெட்டுக்குள் ரேடியோ அனுமதிக்கப்பட்டது. அடுத்த ஆட்டத்துக்கான கடிகாரத்தில் 15 விநாடி மீதம் இருக்கும்போது இணைப்பு துண்டிக்கப்படும். கோச் பேசுவது நேராகக் காதில் விழுவதால், திருடக்கூடிய சைகையே குறைந்துவிட்டது.

இந்த மேட்சுக்கு இப்போதும் அதே மதிப்பா?

2024 முதல் பிளேஆஃபில் 12 அணிகள். பிக் டென்னில் 18 அணிகள், பிரிவுகளும் கிடையாது. அந்த வருடம் ஓஹாயோ ஸ்டேட் 2ஆம் இடத்தில் இருந்தது. மிச்சிகன் 6 வெற்றி, 5 தோல்வியோடு தரவரிசையிலேயே இல்லை. கொலம்பஸில், கடைசி நிமிடத்தில் ஒரு ஃபீல்ட் கோல் அடித்து மிச்சிகன் 13-10 என ஜெயித்துவிட்டது.

பழைய முறையில் ஓஹாயோ ஸ்டேட்டின் கனவு அங்கேயே சிதைந்திருக்கும். புது முறையில் அதற்கு பிளேஆஃப் இடம் கிடைத்தது. 2025 ஜனவரியில் நோட்டர் டேமை 34-23 என வென்று தேசிய சாம்பியனும் ஆனது. வீட்டுக்குப் பக்கத்தில் தோற்றவர் நாட்டையே ஜெயித்தார்!

அப்படியென்றால் நவம்பர் கடைசி மேட்ச் வெறும் சம்பிரதாயம் ஆகிவிட்டதா என்று சிலர் கேட்கிறார்கள். அந்த 13-10 தோல்விக்குப் பிறகு மைதானத்திலேயே கைகலப்பு நடந்தது. போலீஸ் மிளகு ஸ்ப்ரே அடிக்க வேண்டி வந்தது. இரண்டு பல்கலைக்கழகங்களுக்கும் தலா 1,00,000 டாலர் அபராதம். சம்பிரதாய மேட்சுக்கு யாரும் இப்படி அடித்துக்கொள்ள மாட்டார்கள்.

நீங்களும் பார்க்க நினைத்தால், நவம்பர் கடைசி சனிக்கிழமை குறித்து வைத்துக்கொள்ளுங்கள். வழக்கமாக அமெரிக்கக் கிழக்கு நேரப்படி மதியம் 12 மணிக்கு ஆரம்பிக்கும். நமக்கு இரவு 10.30. ஓடப் போவதாக நம்ப வைத்து ஒருவர் பந்தை வீசினால், அது அந்த நிமிடத்தில் தோன்றிய யோசனை என்று நினைத்துவிடாதீர்கள். செவ்வாய்க்கிழமையே ஒரு மாற்று வீரர் எதிரணி மாதிரி எதிரில் நிற்க, பலமுறை ஆடிப் பார்த்த ஆட்டமாகத்தான் அது இருக்கும்.